வேர்நுனி வழுக்கியில் பிரியும் கலங்கள் ஏன் இவ்வளவு குறைவு?

கேள்வி – உயர்தர மாணவி, திருகோணமலை

நிலாவெளிச் சின்ன வெங்காயத்தை நீர் நிரப்பிய குவளையின் வாயில் வைத்து வேர்விடச் செய்து, வேரின் ஒரு துண்டை அசற்றோகாமைனால் சாயமூட்டி நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். பாடநூற் படத்தில், ஒரு கலம் ஒரே மாதிரியான இரண்டாகும் இழையுருப்பிரிவின் எல்லா அவத்தைகளும் (கட்டங்களும்) அருகருகே இருக்கின்றன. வேர்த்துண்டை வைத்த என் கண்ணாடி வழுக்கியிலோ ஏறக்குறைய எல்லாக் கலங்களும் வட்டமான கருவுடன் சும்மா இருந்தன. சோடி சேர்ந்த நிறமூர்த்தங்கள் (பரம்பரையலகுகளைத் தாங்கும் இழைகள்) ஒன்றுகூட இல்லை. பிழை சாயத்திலா, வேரிலா?

பதில் 1 – ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர், உப்புவெளி

பிழை எதுவும் இல்லை, மகள். படத்தை வரைந்தவர் நல்ல கலங்களாகப் பொறுக்கியெடுத்து வரைந்திருக்கிறார். வழுக்கியில் இருப்பவை ஒரே கணத்தில் கொல்லப்பட்ட கலங்கள் என்பதால், ஓர் அவத்தை எவ்வளவு நேரம் நீடிக்குமோ அதற்கேற்ற எண்ணிக்கையிலேயே அந்த அவத்தைக் கலங்கள் அங்கே காணப்படும். கலவட்டத்தின் பெரும்பகுதி, இரு பிரிவுகளுக்கு இடைப்பட்ட இடையவத்தையிலேயே கழிகிறது. நிறமூர்த்தங்கள் எதிர்முனைகளுக்கு இழுக்கப்படும் மேன்முக அவத்தையோ மிகக் குறுகியது, எனவே அரிதாகவே கண்ணிற் படும். நீங்கள் சும்மா இருப்பதாக எண்ணிய கலங்கள் உண்மையில் புரதங்களைத் தொகுத்துப் பருமனில் வளர்ந்து, டீ.என்.ஏ.யை இரட்டித்து, 16 நிறமூர்த்தங்களில் ஒவ்வொன்றையும் இரண்டு அரைநிறவுருக்கள் (ஒத்த பிரதிகள்) கொண்டதாக ஆக்கிக்கொண்டிருந்தவை. பார்வைப் புலத்திலுள்ள கலங்களை எண்ணி, அவற்றுள் பிரிபவை எத்தனை வீதம் என்று கணித்தால் அதுவே இழையுருப்பிரிவுச் சுட்டி. செய்முறைக் கொப்பியில் படத்தைவிட அது பெறுமதியானது.

பதில் 2 – ஆய்வுகூட உதவியாளர், மூதூர்

வேரை எவ்வளவு நீளத்துக்கு வெட்டினீர்கள் என்பதையும் பாருங்கள். நுனியின் 2 மில்லிமீற்றர் அளவே போதும். அதற்கு மேலேயுள்ள கலங்கள் பிரிவதை நிறுத்திவிட்டு, கலத்தினுள் உள்ள பையான புன்வெற்றிடத்தில் நீரை ஏற்று நீளுகின்றன. வேர் மண்ணுக்குள் முன்னேறுவது பெரும்பாலும் இந்த நீட்சியால்தான். ஐதான ஐதரோகுளோரிக்கமிலத்தில் மிதமாகச் சூடாக்கினால் கலங்கள் ஒன்றையொன்று விட்டுத் தளரும். மூடித்துண்டை வழுக விடாமல் நேராக அழுத்துங்கள்.

பதில் 3 – விவசாயபீட மாணவர்

சோடி சேர்தல் வேரில் நிகழாது. அது நிறமூர்த்த எண்ணிக்கையைப் பாதியாக்கும் ஒடுக்கற்பிரிவுக்கு உரியது. பூவின் மகரந்தக்கூட்டிலும் சூல்வித்திலும் அமைப்பொத்த நிறமூர்த்தங்கள் சோடி சேர்ந்து, துண்டங்களைப் பரிமாறி, பிறகு பிரிவதால் 16 என்பது 8 ஆகிறது. நமது விவசாயிகள் குமிழை நட்டு எடுக்கும் வெங்காயம் இழையுருப்பிரிவால் மட்டுமே பெருகியது என்பதால், விகாரம் (பரம்பரையலகில் மாற்றம்) ஏற்பட்டாலன்றித் தாய்க் குமிழின் பரம்பரையலகுகளையே கொண்டிருக்கும். விதையிலிருந்து வளர்ந்தவையோ ஒன்றுக்கொன்று வேறுபடும். வெங்காயப் பூந்தண்டு கிடைத்தால், இன்னும் விரியாத சிறிய மொட்டுகளை எடுங்கள். விரிந்த பூவில் அந்தப் பிரிவு முடிந்திருக்கும், மகரந்தமணிகளைத்தான் காண்பீர்கள்.