காய்ச்சல் கணக்கில் எச்சரிக்கை எல்லையை எப்படி வைப்பது?

வணக்கம். மாவட்டப் பொதுச் சுகாதாரப் பிரிவில் தரவு வேலை பார்க்கிறேன். ஐடிஎஸ்பி (ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம்) காலத்து எஸ், பி, எல் படிவங்களின் (முறையே அறிகுறி, மருத்துவர் சந்தேகிக்கும் நோய், ஆய்வக உறுதி) வாராந்திர எண்கள் கையில் இருக்கின்றன. 2021-இல் நாடு முழுவதும் வந்த ஐஹெச்ஐபி என்ற இணையவழிக் கண்காணிப்புத் தளத்தின் பதிவுகளும் உண்டு. டெங்கு ஏறுவதை முன்கூட்டியே காட்ட ஒரு எக்செல் தாள் செய்கிறேன்.

போன வாரத்தோடு ஒப்பிட்டால் பயனில்லை; ஐப்பசி, கார்த்திகை மழையில் எல்லா வருடமும் காய்ச்சல் கூடத்தான் செய்யும். அதனால் முந்தைய ஐந்து வருடங்களில் அதே வாரத்துச் சராசரியோடு இரண்டு திட்டவிலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) கூட்டி எல்லை வைத்தேன். இங்கேதான் சிக்கல். 2020, 2021-இல் கொரோனா பயத்தில் புறநோயாளிகளே குறைவு. சேர்த்தால் சராசரி சரிகிறது, விலக்கம் ஊதிவிடுகிறது. நீக்கினால் மூன்று வருடம்தான் மிச்சம்.

சராசரிக்குப் பதில் இடைநிலை அளவை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) யாராவது வைத்துப் பார்த்தீர்களா? அப்புறம், தீபாவளி வாரத்தில் விழுந்து அடுத்த வாரம் குதிக்கும் எண்ணை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? (ரேப்பிட் கார்டு என்ற உடனடிச் சோதனையின் முடிவையும் எலைசா என்ற ஆய்வக ரத்தச் சோதனையின் முடிவையும் நான் ஒன்றாகக் கூட்டவில்லை. அது தப்புக் கணக்கு.)

மாதிரித் தாள் இருந்தால் நோயாளி விவரங்களை நீக்கிவிட்டு அனுப்புங்கள். ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் இருந்தாலும் சரி, கற்றுக்கொள்கிறேன். மழைக்கு முன்னால் கிடைத்தால் நல்லது.