டெல்டாவில் நத்தை வளர்க்கலாமா? வளர்த்தால் எதை?

நன்னிலத்தான்:
நைஜீரியாவிலும் கானாவிலும் நத்தை வளர்ப்பு கொல்லைப்புறத் தொழில். பலகைப் பெட்டி, ஈரமண், பப்பாளி இலை, ஓடு கெட்டிப்பட முட்டை ஓட்டுத் தூள், இவ்வளவு போதும். 100 கிராம் நத்தைக் கறியில் சுமார் 16 கிராம் புரதம், ஒன்றரை கிராம் கொழுப்பு, 3.5 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. இரத்தசோகை இவ்வளவு பரவியிருக்கும் நாட்டில் இதை ஏன் யாரும் பேசுவதில்லை? ஆடு வளர்க்க மேய்ச்சல் நிலம் வேண்டும், கோழிக்குத் தீவனச் செலவு. நிலமில்லாதவரும் செய்யக்கூடிய தொழில் இது. ஆப்பிரிக்க ராட்சத நத்தை கேரளத்திலேயே கிடைக்கிறது, அதை வைத்துத் தொடங்கலாம் என்பது என் யோசனை.

வரப்போரம்:
ஐயா, சத்து விஷயத்தில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்த ராட்சத நத்தையைத் தொடவே வேண்டாம். 1847-ல் பென்சன் என்ற ஆங்கிலேயர் மொரீஷியசிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார், அங்கே ஒரு தோட்டத்தில் விடப்பட்டது. இன்று கேரளத்தில் வாழை, பப்பாளி, காய்கறி எதையும் விட்டுவைப்பதில்லை. ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணும் சேர்ந்த பிறவி, ஒரு ஈட்டுக்கு நூறு, இருநூறு முட்டை. ஃபுளோரிடாவில் 2011-ல் கண்டுபிடித்து, ஒழித்துவிட்டோம் என்று சொல்ல 2021 ஆனது. மறு வருடமே வேறொரு மாவட்டத்தில் மறுபடி கிடைத்தது. பணமும் ஆட்களும் உள்ள நாட்டுக்கே இந்தப் பாடு.

நன்னிலத்தான்:
அது இங்கே வந்தே விட்டதே! பிடித்துச் சமைத்தால் குறையத்தானே செய்யும்? உப்பு தூவிக் கொன்று குழியில் புதைப்பதைவிடச் சாப்பிடுவது மேல்.

வரப்போரம்:
விலை கிடைக்க ஆரம்பித்தால், இல்லாத ஊருக்கும் கொண்டுபோய் விடுவார்கள். தங்க ஆப்பிள் நத்தை கதையைப் பாருங்கள். தென் அமெரிக்காவிலிருந்து 1980 வாக்கில் தைவானுக்கு உணவுக்காகவே போனது. கொஞ்ச வருடத்தில் பிலிப்பைன்சுக்கும் போனது, ஏழை விவசாயிக்குப் புரதமும் வருமானமும் என்றுதான் அங்கேயும் சொன்னார்கள். நீங்கள் இப்போது சொல்வது அதே வார்த்தைகள்! சுவை யாருக்கும் பிடிக்கவில்லை, வாங்க ஆளில்லை. வளர்த்தவர்கள் கைவிட்டார்கள், நத்தை வாய்க்கால் வழியே வயலுக்குப் போனது. நடவு முடிந்த இளம் நாற்றை ஒரே ராத்திரியில் தின்றுவிடும். அதைக் கொல்ல மருந்து வாங்கி, மறு நடவும் செய்து, விவசாயி இரட்டைச் செலவு செய்தான். வியட்நாம், ஜப்பான் வரை பரவியது. காவிரிப் பாசனத்தில் ஒரு குட்டையிலிருந்து தப்பினால் அது எத்தனை வாய்க்காலுக்குப் போகும் என்று யோசியுங்கள்.

கொள்ளிடக்கரைக்காரி:
இரண்டு பேரும் வெளிநாட்டு நத்தையையே பேசுகிறீர்கள். எங்கள் பக்கம் காலங்காலமாகச் சாப்பிடுவது வயல் நத்தை. மழைக்காலத்தில் பொறுக்கி வந்து, ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போட்டுச் சேறு கக்கவிடுவோம். காலையில் அவித்து, ஊசியால் கறியை இழுத்து, குடலைக் கிள்ளி எறிந்து, மஞ்சளும் உப்பும் போட்டு வழவழப்புப் போகக் கழுவி, சின்ன வெங்காயமும் மிளகும் போட்டு வதக்குவோம். பீகாரிலும் வங்காளத்திலும் மணிப்பூரிலும் இப்படி நத்தை சாப்பிடுகிறார்கள். இங்கே மட்டும் கூலி வேலைக்காரர் சாப்பாடு என்று மூக்கைப் பொத்துகிறார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் நத்தைக்கறி என்று வாய்திறந்து சொல்ல முடியாமல் இருப்பதுதான் எனக்கு வலிக்கிறது. இந்தக் கூச்சம் போகாமல் பண்ணை வைத்து யாருக்கு விற்பீர்கள்?

குட்டைமீன்:
அக்கா சொல்வது நியாயம், ஆனால் வயலில் பொறுக்குவதை இனி நம்ப முடியாது. குருணைப் பூச்சிமருந்து போட்ட வயலில் மேய்ந்த நத்தை அந்த மருந்தையும் உடம்பில் வைத்திருக்கும். அதனால் வளர்ப்பு தேவை என்பது என் கட்சி. வருமானக் கணக்கையும் பாருங்கள். எடையில் பெரும்பகுதி ஓடும் குடலும்தான், கறி கொஞ்சம். பிரான்சில் இவ்வளவு கிராக்கி இருந்தும் தட்டில் விழுவதில் பெரும்பாலானவை கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வருபவை, ஏனென்றால் பிரான்சிலேயே வளர்க்கக் கூலி கட்டுபடியாகாது. காட்டு நத்தை அழிகிறதென்று 1979-லேயே இனப்பெருக்க மாதங்களில் பொறுக்கத் தடை போட்டார்கள். தனித்தொழிலாக வேண்டாம், மீன் குட்டையோடு சேர்த்து வைத்தால் மட்டுமே கையைக் கடிக்காது.

நன்னிலத்தான்:
சரி, வயல் நத்தையையே எடுத்துக்கொள்வோம். மேற்கு ஆப்பிரிக்காவிலும் காடு அழிந்து நத்தை அருகியதால்தான் கொட்டிலில் வளர்க்கச் சொல்கிறார்கள். நம் வயலிலும் அதே நிலைமை. நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது, இறால் வளர்க்கப் பயிற்சி தரும் நாட்டில் நத்தைக்கும் தரட்டும். வரப்போரம், இதற்குமா மறுப்பு?

வரப்போரம்:
உள்ளூர் நத்தை, வலை கட்டிய குட்டை, வெளியேறும் தண்ணீருக்கு வடிகட்டி, இந்த மூன்றும் இருந்தால் மறுக்க மாட்டேன். வெளியிலிருந்து குஞ்சு வாங்கி விடும் திட்டம் எதுவாக இருந்தாலும் எதிர்ப்பேன். வேகாத நத்தையில் எலியிடமிருந்து வரும் புழு இருக்கலாம், அது மூளைக்காய்ச்சல் வரை கொண்டுபோகும். அதனால் நன்றாக அவிக்காமல் யாரும் வாயில் வைக்கக் கூடாது. அப்புறம், நம் வயல் நத்தை வரப்பு ஈரமண்ணுக்குள் வெள்ளை முட்டை இடும். தண்ணீருக்கு மேலே தண்டிலோ மதகுச் சுவரிலோ இளஞ்சிவப்பு முட்டைக் கொத்து கண்டால் அது ஆப்பிள் நத்தை. அங்கேயே நசுக்கிவிட்டு வேளாண் அலுவலகத்தில் சொல்லுங்கள்.

கொள்ளிடக்கரைக்காரி:
எங்கள் ஊர் மதகில் நாளைக்கே பார்க்கிறேன். குட்டைமீன் தம்பி, கெண்டைக் குட்டையில் நத்தை விட்டால் மீன் தின்றுவிடாதா? அதை முதலில் சொல்லுங்கள்.