மெனோபாஸ் தொல்லைக்கு மூலிகை எடுத்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள், முதலில் என்னுடையது

தோழிகளே, எனக்கு 51 வயது. கடைசியாக மாதவிடாய் வந்து 14 மாதம் ஆகிறது. தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் மெனோபாஸ் என்று கணக்கு. ஆனால் தொல்லை என்னவோ அதற்கு இரண்டு வருடம் முன்பே வந்து உட்கார்ந்துகொண்டது.

ராத்திரி இரண்டரை மணி வாக்கில் விழிப்பு வரும். நெஞ்சுக்குள்ளிருந்து ஓர் அனல் கிளம்பி, கழுத்து, காதுமடல், உச்சந்தலை என்று ஏறும். எழுந்து உட்காருவதற்குள் முதுகு நனைந்திருக்கும். தலையணையைத் திருப்பிப் போட்டால் அந்தப் பக்கமும் ஈரம். நாலைந்து நிமிடத்தில் அடங்கிவிடும், அப்புறம் வெடவெடவென்று குளிரும். உதறித் தள்ளிய போர்வையை இருட்டில் தேடுவேன். ஒரு ராத்திரிக்கு மூன்று தடவை இப்படி என்றால் மறுநாள் வேலையில் மனசு எப்படி நிற்கும்?

ஹார்மோன் மாத்திரை என்றாலே எனக்குப் பயம். 2002-ல் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றைப் பாதியில் நிறுத்தினார்கள், மார்பகப் புற்றுநோய் அபாயம் கூடுகிறது என்று செய்தி வந்தது. அது என் மனசில் அப்படியே தங்கிவிட்டது. மூலிகை என்றால் தீங்கில்லை என்று நினைத்து அந்தப் பக்கம் போனேன்.

முதலில் ஈவ்னிங் பிரிம்ரோஸ் எண்ணெய் மாத்திரை. கூட வேலை செய்கிறவர் சொன்னார். இரண்டு மாதம் சாப்பிட்டேன். வயிறு கொஞ்சம் கெட்டதுதான் மிச்சம். பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன், 1994-லேயே 56 பெண்களிடம் ஆறு மாதம் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், மருந்தே இல்லாத போலி மாத்திரையைவிட அது மேலாக எதுவும் செய்யவில்லை.

அடுத்தது பிளாக் கோஹோஷ். வட அமெரிக்கக் காடுகளில் வளரும் ஒரு செடியின் கிழங்கு. அந்த மண்ணின் பூர்வகுடிகள் பெண்களின் உபாதைகளுக்குப் பயன்படுத்தியது. அதை ஆரம்பிப்பதற்கு முன்பே ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, ஒரு நாளைக்கு எத்தனை தடவை அனல் அடிக்கிறது என்று கோடு போட்டு எண்ணிக்கொண்டு வந்தேன். ஆரம்பித்த அன்று 11. ஒரு மாதத்தில் 6. எனக்கு அவ்வளவு சந்தோஷம். அக்கா, தங்கை, பக்கத்து வீடு என்று எல்லோரிடமும் சொன்னேன்.

ஐந்து மாதம் கழித்து வேறு விஷயமாக மகப்பேறு மருத்துவரைப் பார்க்கப் போனபோது நோட்டைக் காட்டினேன். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கீங்க. இப்போ மாத்திரையை நிறுத்திட்டு இன்னும் இரண்டு மாசம் இதே மாதிரி எண்ணிப் பாருங்களேன்" என்றார். கூடவே ஒன்று சொன்னார். இந்த அனல் தொல்லைக்கு நடக்கும் ஆய்வுகளில் மருந்தே இல்லாத மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் நன்றாகவே குறையுமாம், சில ஆய்வுகளில் பாதி அளவுக்குக்கூட. 2006-ல் வந்த ஓர் ஆய்வில் 351 பெண்களுக்கு ஒரு வருடம் கொடுத்துப் பார்த்தபோது பிளாக் கோஹோஷ் எடுத்தவர்களுக்கும் போலி மாத்திரை எடுத்தவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. ஹார்மோன் எடுத்தவர்களுக்குத்தான் தெளிவாகக் குறைந்தது.

நிறுத்தினேன். எண்ணினேன். 6, 5, 7, 6. அப்படியேதான் இருந்தது. அன்று மனசு கொஞ்சம் கனத்தது, மறைக்க மாட்டேன். தானாகக் குறைந்துகொண்டு வந்ததை மருந்தின் கணக்கில் எழுதியிருக்கிறேன்.

கல்லீரல் பரிசோதனையும் செய்தோம். பிளாக் கோஹோஷ் எடுத்த சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததாகப் பதிவுகள் உண்டு. அரிதுதான், ஆனால் உண்டு. கண் மஞ்சளானாலோ, சிறுநீர் அடர் நிறமாகப் போனாலோ உடனே நிறுத்த வேண்டும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. எனக்கு முடிவு சரியாகவே வந்தது.

நீங்கள் என்ன எடுத்தீர்கள், எத்தனை நாள், எண்ணிப் பார்த்தீர்களா, கூட வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா? எல்லாவற்றையும் எழுதுங்கள்.

*

அக்கா, கடைசியில் நீங்கள் கேட்ட அந்தக் கேள்விக்குத்தான் நான் பதில் சொல்ல வேண்டும்.

எனக்கு 48. மாதவிடாய் இன்னும் முழுசாக நிற்கவில்லை, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வருகிறது. அனலைவிட எனக்குத் தூக்கம்தான் பிரச்சினை. அமுக்கராப் பொடி, அதாவது அஸ்வகந்தா, ராத்திரியில் ஒரு ஸ்பூன் எடுக்க ஆரம்பித்தேன். தூக்கம் வந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் ஒரு மாதம் போனதும் நெஞ்சு படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. கை நடுங்கும். எடை 4 கிலோ இறங்கிவிட்டது. இதுவும் மெனோபாஸ்தான் போல என்று பேசாமல் இருந்தேன். படபடப்பு, வியர்வை, எரிச்சல் எல்லாமே அந்தப் பட்டியலில் இருக்கிறதே!

நான் பத்து வருடமாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவள். வழக்கமான ரத்தப் பரிசோதனையில் தைராய்டு அளவு எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. "வேற மருந்து ஏதாவது எடுக்கறீங்களா?" என்று மருத்துவர் கேட்டார். இல்லை என்றேன். மறுபடி கேட்டார். மறுபடியும் இல்லை என்றேன். பொடியை நான் மருந்தாகவே நினைக்கவில்லை அக்கா, அதனால் பொய் சொல்கிறோம் என்ற உணர்வே இல்லை. எழுந்து கதவருகே போன பிறகுதான், "பொடி, கஷாயம், லேகியம் மாதிரி ஏதாவது?" என்று கேட்டார்.

அமுக்கரா தைராய்டு ஹார்மோனைக் கூட்டக் கூடியதாம். ஏற்கெனவே மாத்திரை எடுப்பவளுக்கு அது மேலும் ஏற்றிவிடும். நிறுத்தி இரண்டு வாரத்தில் நடுக்கம் நின்றது. அடுத்த பரிசோதனைக்குக் காத்திருக்கிறேன்.

*

எனக்கு மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்து மூன்று வருடம் ஆகிறது. அது திரும்ப வராமல் இருக்க டமாக்சிஃபென் என்ற மாத்திரை சாப்பிடுகிறேன். இந்த மாத்திரையாலேயே அனல் அடிக்கும், அதுவும் பயங்கரமாக. எனக்கு ஹார்மோன் சிகிச்சை கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அப்போது ஆளுக்கொரு மூலிகை சொன்னார்கள், எல்லோருமே அன்பாகத்தான் சொன்னார்கள். ரெட் க்ளோவர், சோயா மாத்திரை, செயின்ட் ஜான்ஸ் வோர்ட்.

எதையும் வாயில் வைப்பதற்கு முன்னால் டப்பாக்களை ஒரு பையில் போட்டு என் புற்றுநோய் மருத்துவரிடமே எடுத்துக்கொண்டு போனேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். ரெட் க்ளோவரிலும் சோயா மாத்திரையிலும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் போலவே நடந்துகொள்ளும் தாவரப் பொருள்கள் செறிவாக இருக்கின்றன. சாப்பாட்டில் சோயா சேர்வது வேறு, இப்படி வடித்தெடுத்த மாத்திரை வேறு, உங்களுக்கு மாத்திரை வேண்டாம் என்றார். செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டைக் கையில் எடுத்ததும் முகம் மாறிவிட்டது. அது கல்லீரலைத் தூண்டிப் பல மருந்துகளைச் சீக்கிரமே உடம்பைவிட்டு வெளியேற்றிவிடும். கருத்தடை மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின், மாற்று உறுப்பு பொருத்தியவர்களின் மருந்து என்று எதன் வேலையையும் கெடுக்கும். மன அழுத்த மாத்திரைகளோடு சேர்ந்தால் அது தனி ஆபத்து.

எனக்குக் குறைந்த அளவில் வென்லாஃபாக்சின் கொடுத்தார்கள். மன அழுத்தத்துக்கான மாத்திரைதான், ஆனால் அனலையும் குறைக்கும். அதே வகையில் பரோக்செட்டின் என்று ஒன்று உண்டு, அது டமாக்சிஃபெனின் வேலையைக் குறைத்துவிடும் என்பதால் எனக்குத் தரவில்லை. எண்ணிப் பழகுங்கள் என்று அக்கா சொன்னதோடு நான் சேர்த்துச் சொல்வது, பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். பெயரை ஞாபகம் வைத்துச் சொல்வதைவிட டப்பாவையே காட்டுவது மேல்.

*

முதலில் எழுதிய தோழி, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் மூலிகை எல்லாமே வீண் என்ற முடிவுக்கு நான் வர மாட்டேன்.

எனக்கு 54. சோயாவிலிருந்து எடுக்கும் ஐசோஃபிளவோன் என்ற தாவர ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எடுக்கிறேன். நானும் எண்ணினேன். 9 இருந்தது மூன்றாவது மாதம் 4 ஆனது. நிறுத்தினேன், ஆறு வாரத்தில் திரும்ப 8. மறுபடி ஆரம்பித்தேன், மறுபடி இறங்கியது. இதை நான் எப்படி நம்பாமல் இருப்பது?

தேடிப் படித்ததில், 2013-ல் 43 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு கண்ணில் பட்டது. பொதுவாகத் தாவர ஈஸ்ட்ரோஜன்கள் பலன் தருகின்றன என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றுதான் அதிலும் இருக்கிறது. ஆனால் சோயாவில் இருக்கும் ஜெனிஸ்டீன் என்ற பொருள் நாளுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்த ஆய்வுகளில் அனல் அடிக்கும் எண்ணிக்கை குறைந்ததாகவும் சொல்லியிருக்கிறார்கள். அதோடு, சோயாவில் உள்ள டைட்ஸீனைக் குடலில் இருக்கும் சில பாக்டீரியாக்கள் ஈக்வால் என்ற பொருளாக மாற்றும். அந்த பாக்டீரியா எல்லோர் வயிற்றிலும் இருப்பதில்லை. ஒருவருக்குக் கேட்பது இன்னொருவருக்குக் கேட்காமல் போக இதுவும் ஒரு காரணம் என்கிறார்கள்.

வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் 2023-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சோயாவையும் மற்ற மூலிகைகளையும் பரிந்துரைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். எனக்கு மார்பக, கர்ப்பப்பைப் பிரச்சினை எதுவும் இல்லை. என் மருத்துவருக்குத் தெரிந்தே எடுக்கிறேன், வருடா வருடம் பரிசோதனைக்குப் போகிறேன். இப்படி எடுப்பதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

*

சகோதரிகள் பேசும் இடத்தில் ஓர் ஆண் எழுதுவதை மன்னிக்க வேண்டும். என் மனைவி கேட்டுக்கொண்டதால் எழுதுகிறேன்.

அவருக்கு மாதவிடாய் நின்று மூன்று வருடம் ஆகியிருந்தது. உடம்பு சூடு, எரிச்சல் என்று ஒரு பொடி வாங்கிச் சாப்பிட ஆரம்பித்தார். டப்பாவில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்றுகூட எழுதவில்லை. இரண்டாம் மாதம் லேசாக ரத்தம் பட்டது. விற்றவரைக் கேட்டதற்கு, "உள்ளே தங்கின பழைய அழுக்கு வெளியே வருது, நல்லதுதான், நிறுத்தாதீங்க" என்றார். நாங்களும் நம்பிவிட்டோம். ஏழு வாரம்! அந்த ஏழு வாரத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு ராத்திரி தூக்கம் போய்விடும்.

எங்கள் மகள் வந்தபோது குளியலறையில் காய்ந்துகொண்டிருந்த துணியைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டாள். அன்று மாலையே அழைத்துக்கொண்டு போனாள். ஸ்கேனில் கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்திருந்தது, பாலிப் என்ற சிறு சதை வளர்ச்சியும் ஒன்று இருந்தது. எடுத்துச் சதைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர ஒன்பது நாள். புற்றுநோய் இல்லை.

மருத்துவர் எங்களைத் திட்டவில்லை. பொடியினால் வந்ததா, இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழித்து ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் வந்து காட்ட வேண்டும், எந்த மூலிகை மேலும் பழியைப் போட்டுக் காத்திருக்கக் கூடாது என்று மட்டும் சொன்னார். கணவன்மாரும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பெரும்பாலும் மனைவிமார் சொல்ல மாட்டார்கள், நாமும் கேட்பதில்லை.

*

நான் சுருக்கமாக. ரத்த அழுத்தம் இருப்பவர்கள் அதிமதுரத்தைத் தினமும் மாதக்கணக்கில் எடுக்காதீர்கள். அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும். எனக்குக் கெண்டைக்கால் சதை இழுத்துக்கொண்டபோதுதான் தெரிந்தது.

அப்புறம் ஒரு சந்தேகம், கேட்கக் கூச்சமாக இருக்கிறது. பிறப்புறுப்பு வறட்சிக்கு மூலிகை ஏதாவது இருக்கிறதா?

*

எல்லோருக்கும் நன்றி. முதலில் எழுதியவள்தான் வந்திருக்கிறேன்.

வறட்சி பற்றிக் கேட்ட சகோதரி, இதில் கூச்சமே வேண்டாம். அனல் சில வருடங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும், வறட்சி அப்படித் தானாகச் சரியாவது அரிது. மூலிகையைத் தேடிக் காலத்தைக் கடத்தாதீர்கள். அதற்கென்றே ஈரப்பதம் தரும் ஜெல் கிடைக்கிறது. அது போதாவிட்டால் அந்த இடத்தில் மட்டும் வைக்கும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் க்ரீம் உண்டு. மருத்துவரிடம் ஒரே வரியில் சொன்னால் போதும், அவர்கள் தினமும் கேட்கிற விஷயம்தான்.

சோயா எடுக்கும் தோழி, நீங்கள் நிறுத்திப் பார்த்து, மறுபடி ஆரம்பித்துப் பார்த்து எண்ணியிருக்கிறீர்கள். நான் அதைத்தான் எல்லோரிடமும் கேட்கிறேன். உங்கள் நோட்டு உங்களுக்கு அப்படிச் சொல்கிறது என்றால் நான் மறுத்துப் பேச மாட்டேன்.

சகோதரர் எழுதியதை என் அக்காவுக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன். அவளுக்கும் போன மாதம் லேசாகப் பட்டிருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை. வியாழக்கிழமை ஸ்கேனுக்கு அழைத்துக்கொண்டு போகிறேன்.

நான் என்ன செய்தேன் என்று சொல்லவில்லையே. 60 வயதுக்குள், மாதவிடாய் நின்று 10 வருடத்துக்குள் இருக்கிறவர்களுக்கு, வேறு தடை எதுவும் இல்லையென்றால், ஹார்மோன் சிகிச்சையில் பெரும்பாலும் அபாயத்தைவிட நன்மைதான் அதிகம் என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். 2002 ஆய்வில் கலந்துகொண்டவர்களின் சராசரி வயதே 63 என்பதையும் அவர்தான் சொன்னார். தோலில் ஒட்டும் ஈஸ்ட்ரோஜன் பேட்ச் போட்டுக்கொள்கிறேன், கர்ப்பப்பை இருப்பதால் கூடவே ப்ரோஜெஸ்டிரோன் மாத்திரையும். ஐந்து வாரம் ஆகிறது. நேற்றைய கணக்கு 2, ராத்திரியில் ஒன்றுமில்லை.

தைராய்டு தங்கை, பரிசோதனை முடிவு வந்ததும் இங்கே வந்து எழுதம்மா.