பரஸ்பர விவாகரத்து: ஜீவனாம்சம் மொத்தமாகவா, மாதாமாதமா?

மதுரைவாசி:
நானும் கணவரும் 2 ஆண்டுகளாகப் பிரிந்து வாழ்கிறோம். பரஸ்பர சம்மத விவாகரத்து மனு தாக்கல் செய்யவிருக்கிறோம். 7 வயது மகள் என்னுடன் இருக்கிறாள். மொத்தமாக ஒரு தொகை தந்து முடித்துக்கொள்ள அவர் விரும்புகிறார். ஆனால் ஒப்பந்த வரைவில் 'குழந்தைக்காகவும் இனி எதுவும் கோரமாட்டேன்' என்று ஒரு வரி இருக்கிறது. கையெழுத்திடலாமா?

கறுப்பு அங்கி:
முதலில் அந்த வரியை நீக்கச் சொல்லுங்கள். பராமரிப்பு பெறுவது குழந்தையின் உரிமை என்பதால், தாய் விட்டுக்கொடுத்ததாக எழுதினாலும் அது மகளைக் கட்டுப்படுத்தாது. இருந்தாலும் அதை நிலைநாட்ட நீங்கள் மறுபடி நீதிமன்றப் படியேற நேரும். உங்களுக்கு ஒரு தொகை, மகளுக்குத் தனித் தொகை என்று பிரித்து எழுதுங்கள். மாதத் தொகையாக இருந்தால், சூழ்நிலை மாறும்போது அதைத் திருத்தக் கோர இந்துத் திருமணச் சட்டத்தின் 25ஆம் பிரிவு இடமளிக்கிறது; மொத்தமாக வாங்கிய பின் மீண்டும் கேட்பது கடினம்.

திருநெல்வேலித் தம்பி:
என் அக்காவுக்கு மாதத் தொகைதான் பேசினோம். எட்டாம் மாதமே நின்றுபோய், உத்தரவை அமல்படுத்தக் கோரும் நிறைவேற்றல் மனுவோடு அலைந்தோம். ஆகவே உங்கள் பங்கை மொத்தமாகவே வாங்குங்கள். பாதியை முதல் மனுவின்போதும், மீதியை இரண்டாம் வாக்குமூலத்துக்கு (இருவரும் நீதிமன்றத்தில் மறுபடி சம்மதம் சொல்லும் கட்டம்) முன் வங்கி வரைவோலையாகவும் கேளுங்கள்.

மதுரைவாசி:
நன்றி. அவருடைய உண்மையான சம்பளமே எனக்குத் தெரியாது.

கறுப்பு அங்கி:
அப்படியானால் சொத்து, வருமானம், கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகக் கேளுங்கள். ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் அதைத் தாக்கல் செய்ய வேண்டும் என 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வகுத்திருக்கிறது. அதைப் பார்க்காமல் தொகை பேச வேண்டாம்.