கமலா ஆரஞ்சு, மூவிலை ஆரஞ்சு கலப்பு: 44 நாற்றுகளில் 3 மட்டுமே மூவிலை, அவையும் உறைபனியில் கருகிவிட்டன

கேள்வி (கோவிலூர், வட்டவடை)

எங்கள் நிலம் கோவிலூருக்கு மேலே சரிவைப் படிப்படியாக வெட்டிய தட்டுகளில் இருக்கிறது. மார்கழியிலும் தையிலும் தெளிந்த வானமும் காற்றில்லாத இரவும் சேர்ந்துவிட்டால், விடியும்போது புல்லின்மேல் உறைபனி படிந்திருக்கும். மூணாறு எஸ்டேட்களில் தேயிலைக் கொழுந்து கருகுவதும் அந்த நாட்களில்தான். அந்தக் குளிரைத் தாங்கி, ஊறுகாய்க்காவது காய் கொடுக்கும் ஆரஞ்சு ஒன்றை நானே உருவாக்க வேண்டும் என்று முயன்று வருகிறேன்.

குடகிலிருந்து வாங்கி வந்த ஒட்டுக்கன்று பட்டுப்போனபின், ஒட்டுக்குக் கீழிருந்து நீண்ட முள்ளும் மூன்று சிற்றிலைகளும் உடைய தளிர் எழுந்து மரமாகி, இப்போது குளிர்காலத்தில் இலையுதிர்த்துவிட்டுப் பூக்கிறது. அது வேர்ச்செடியாக, அதாவது ஒட்டுக்கு அடியில் வேர் தரும் செடியாகப் பயன்படும் மூவிலை ஆரஞ்சு என்று பிறகு தெரிந்துகொண்டேன். அதன் மகரந்தத்தை எங்கள் கமலா ஆரஞ்சின் மொட்டுகளில் வைத்தேன். மொட்டு விரிவதற்கு முன்பே மகரந்தத்தாள்களை நீக்கி, மெல்லிய துணிப்பை கட்டி முறையாகத்தான் செய்தேன். ஒன்பது காய்கள் நின்றன, விதைகளிலிருந்து 44 நாற்றுகள் வந்தன. அவற்றில் மூன்றுக்கு மட்டுமே தந்தையைப் போல மூவிலை இருக்கிறது. மற்றவை அப்படியே கமலா ஆரஞ்சு. அந்த மூன்றையும் முட்டைக்கோசுப் பாத்தியின் வரப்போரம் நட்டு வைத்திருந்தேன். இந்தத் தையில் இரண்டு இரவுப் பனியில் நுனியிலிருந்து முக்கால் அடி வரை கருகிவிட்டன. தந்தை மரத்தில் ஒரு கிளைகூடக் கருகவில்லை. மகரந்தச் சேர்க்கை தவறிவிட்டதா? குளிர் தாங்கும் குணம் பிள்ளைகளுக்கு இறங்கவில்லையா?

பதில் 1 (மறையூர், நாற்றங்கால் வைத்திருப்பவர்)

கருகிய பகுதியை இன்றே பச்சை தெரியும் இடம் வரை வெட்டி எறிந்துவிட்டு, கொஞ்சம் யூரியா கொடுங்கள் தம்பி, புதுத் தளிர் வேகமாக வரும். மற்ற 41 நாற்றுகளையும் வீணாக்க வேண்டாம், அவற்றில் ஏதாவது குளிர் தாங்கக்கூடும்.

பதில் 2 (தேவிகுளம், ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை)

மறையூர் அண்ணன் சொன்னதை அப்படியே செய்துவிடாதீர்கள். காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலில் எண்ணிக்கை. உங்கள் கையில் தவறில்லை. கமலா ஆரஞ்சின் விதைதான் அப்படிப்பட்டது. எலுமிச்சை இனத்துப் பல மரங்களில், மகரந்தம் சேர்ந்து உருவாகும் கருவைத் தவிர, சூலின் உள்ளே இருக்கும் தாய்த் திசுவிலிருந்தே வேறு பல கருக்களும் முளைக்கின்றன. ஒரே விதையிலிருந்து இரண்டு மூன்று நாற்றுகள் எழுவதைப் பார்த்திருப்பீர்கள். தாய்த் திசுவிலிருந்து வந்த நாற்றுகள் தாயின் அச்சுப்படிகள்; தந்தை யாராக இருந்தாலும் அவற்றுக்கு அக்கறையில்லை. பெரும்பாலும் அவையே வேகமாக வளர்ந்து, கலப்புக் கருவை நெருக்கி அழித்துவிடும். உங்களுக்கு மூன்று கிடைத்ததே நல்ல வரவு. மூவிலைக் குணம் ஓங்கு பண்பு, அதாவது பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே வெளிப்படும் குணம் என்பதால் இந்தக் கலப்பில் உண்மையான பிள்ளைகளை இலையைப் பார்த்தே அடையாளம் காணலாம். ஆனால் முளைத்தவுடன் வரும் ஓரிரு இலைகளை வைத்து முடிவு செய்யாமல் ஐந்தாறு இலைகள் வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். இந்த வழி மூவிலை மரம் தந்தையாக இருக்கும்போது மட்டுமே உதவும். அதைத் தாயாக வைத்தால் எல்லா நாற்றுகளுக்கும் மூவிலை இருக்கும், அதுவும் அச்சுப்படிகளைத் தரும் மரம் என்பதால் எது கலப்பு என்று கண்ணுக்குத் தெரியாது. ஆகவே அந்த 41 நாற்றுகளும் கமலா ஆரஞ்சுகளே. வேர்ச்செடிக்கு வைத்துக்கொள்ளலாம், குளிர் தாங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இனிப் பனி. மூவிலை ஆரஞ்சு முழு உறக்கத்தில் இருக்கும்போது கழித்தல் 20 பாகை செல்சியஸ் வரைகூடத் தாங்கும். இங்கே முக்கியமான சொல் உறக்கம். சீனாவின் வடபகுதியில் குளிர் வாரம் வாரமாக இறங்கி வரும். மரம் அதற்குள் தளிர்ப்பதை நிறுத்தி, தண்டை முற்றவைத்து, பழகிக்கொள்ளும். நம் மலையில் இரவு பூச்சியத்துக்குக் கீழே போனாலும் நடுப்பகலில் சட்டையைக் கழற்றும் வெயில் அடிக்கிறது. சுமார் 13 பாகைக்கு மேல் வெப்பம் இருக்கும்வரை ஆரஞ்சு வகைகள் வளரத்தான் பார்க்கும். உங்கள் பெரிய மரம் இலையை உதிர்த்துவிட்டு உறங்கியது. ஆனால் பிள்ளைகளுக்குத் தாய்வழியாக வந்த பசுமை விடாத குணமும் உண்டு, அதோடு முட்டைக்கோசுக்கு விட்ட தண்ணீரும் உரமும் சேர்ந்து மார்கழியிலும் அவை தளிர்த்துக்கொண்டே இருந்திருக்கும். கருகியது அந்த முற்றாத தளிர்தான் என்று நினைக்கிறேன். குளிர் தாங்கும் அளவு பெற்றோர் இருவருக்கும் இடைப்பட்டதாக இருப்பதே வழக்கம். தந்தையின் அளவுக்கு அவை வரமாட்டா.

எனவே இப்போது வெட்டாதீர்கள். புதுத் துளிர் எந்த இடத்தில் கிளம்புகிறது என்று பார்த்தபின், பட்ட பகுதியை மட்டும் நீக்கினால் போதும். யூரியா வேண்டவே வேண்டாம். இப்போது வரும் தளிரை அடுத்த பனி தின்றுவிடும். ஐப்பசிக்குப் பிறகு தழைச்சத்து உரத்தை நிறுத்தி, தண்ணீரையும் குறையுங்கள். அடுத்த குளிருக்கு முன் தண்டைச் சுற்றி ஓரடி உயரத்துக்கு மண் அணைத்துவையுங்கள். மேலே கருகினாலும் அடியிலிருந்து துளிர்க்கும்.

கேள்வி கேட்டவர்

நன்றி அம்மா. கத்தியைக் கையில் எடுத்திருந்தேன், வைத்துவிட்டேன். அந்த வரப்பு எங்கள் நிலத்தின் கடைசித் தட்டு; மேலேயிருக்கும் தட்டுகளில் அதே நாளில் பீன்ஸ் கொடிகூடக் கருகவில்லை. இடமும் ஒரு காரணமாக இருக்குமா? அடிக்கடி கவாத்து செய்தால் சீக்கிரம் காய்க்கும் என்கிறார்களே, அதுவும் சரியா?

பதில் 2

நிச்சயமாக இடமும் காரணம். குளிர்ந்த காற்று கனமானது; தண்ணீர் போலவே சரிவில் இறங்கி அடித்தட்டில் தேங்கும். தட்டின் ஓரத்தில் வேலியோ மண்வரப்போ இருந்தால் அது அணையாக நின்று இன்னும் தேக்கிவிடும். நடுத்தட்டுக்கு மாற்றுங்கள்.

கவாத்து கூடாது. விதையிலிருந்து வந்த மரம் குறிப்பிட்ட அளவு வளர்ந்து கணுக்கள் கூடிய பிறகே பூக்கும். ஐந்து ஆண்டுகள், எட்டு ஆண்டுகள், சிலவற்றுக்கு அதற்கும் மேல் ஆகும். வெட்ட வெட்டக் கணக்கு பின்னோக்கிப் போகும். ஒவ்வொரு கலப்பிலிருந்தும் ஒரு கண்ணை (கணுவில் இருக்கும் மொட்டை) எடுத்து, வேகமாக வளரும் நாரத்தை மரத்தில் ஒட்டி வைத்தால் வளர்ச்சி கூடுவதோடு, மூலச்செடி பனியில் போனாலும் ஒரு பிரதி பிழைத்திருக்கும்.

சுவையைப் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு வருந்த வேண்டாம். மூவிலை ஆரஞ்சின் கசப்பும் தோல் எண்ணெயின் நெடியும் முதல் தலைமுறையில் பெரும்பாலும் இறங்கிவிடும். 1894-95 குளிர்காலத்தில் புளோரிடாவின் ஆரஞ்சுத் தோப்புகள் உறைந்து அழிந்தபின், வால்டர் சுவிங்கிள் இதே மூவிலையைச் சாத்துக்குடியின் இனமான இனிப்பு ஆரஞ்சுடன் கலந்து சிட்ரேஞ்ச் வகைகளை உருவாக்கினார். உண்ணும் பழமாக அவை எடுபடவில்லை. ஆனால் டிராயர், கரிசோ போன்ற சிட்ரேஞ்ச் வகைகள் இன்று உலகெங்கும் வேர்ச்செடிகள். தோல்வியடைந்த பழம் பிறருடைய பழத்தைத் தாங்குகிறது என்றாலும், உங்கள் ஊறுகாய் ஆசைக்கு அது விடையாகாது. அதற்கு இரண்டாம் தலைமுறை வேண்டும்.

அடுத்த முறை தாயாகப் பம்பளிமாசை வையுங்கள். அதன் விதையில் ஒரே கரு, அதுவும் மகரந்தம் சேர்ந்து வந்தது. எல்லா நாற்றும் கலப்பே. குளிர் அதற்கு ஆகாதுதான், ஆனால் பம்பளிமாசின் நெருங்கிய உறவான கிரேப் ஃப்ரூட்டை மூவிலையுடன் கலந்து 1907இல் பிறந்த சுவிங்கிள் சிட்ருமெலோ குளிர் தாங்குவதில் பெயர் பெற்றது. இப்போதுள்ள மூன்று செடிகள் பூக்கும்போது அவற்றின் மகரந்தத்தையும் பம்பளிமாசிலேயே வைத்துப் பாருங்கள். அந்தப் பிள்ளைகளில் பாதிக்குத்தான் மூவிலை இருக்கும், ஆகவே இலையை நம்பாமல் பனியையும் பழத்தையும் நம்பித் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்.

பதில் 1

யூரியா என்று நான் சொன்னது தவறுதான், கீழ்நாட்டுப் பழக்கம் வாயில் வந்துவிட்டது. பம்பளிமாசு வேண்டுமானால் எங்கள் வீட்டுப் பின்புறம் பழைய மரம் நிற்கிறது தம்பி. மறையூரில் உறைபனி இல்லாததால் நன்றாகப் பூக்கும். உங்கள் மூவிலை முந்திப் பூத்தால், விரியாத மொட்டுகளிலிருந்து மகரந்தப்பைகளை எடுத்து, ஒரு நாள் நிழலில் காகிதத்தில் உலர்த்தி, சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் சிறு குப்பியில் அடைத்துக் குளிர்பெட்டியில் வையுங்கள். சில வாரங்கள் தாங்கும். எங்கள் மரத்தில் மொட்டு வெளுத்ததும் சொல்லி அனுப்புகிறேன், ஏணி இங்கேயே இருக்கிறது. பேருந்தில் வரும்போது குப்பியைச் சட்டைப் பையில் வைக்காமல், ஈரத்துணி சுற்றிய தூக்குவாளியில் வைத்துக் கொண்டுவாருங்கள்.