பிள்ளை பெத்த வீட்டுக்கு யாரு எப்புடி ஒத்தாசையா இருந்தாங்க? ஒங்க அனுபவத்த எழுதுங்க

தலவாக்கலை அக்கா
ரொம்ப நாளா மனசுல கெடக்குது, எழுதிருவோம். மூத்தவன் பொறந்து 84 நாள் லீவு முடிஞ்ச மறுநாளே நான் கொழுந்து பறிக்க தேயிலை மலைக்கு ஏறிட்டேன். அவரு கொழும்புல கடையில, மாமியாரு இல்ல, எங்கம்மா பொகவந்தலாவைப் பக்கம். வேல நேரம் பிள்ளைய விடுற பிள்ளைக் காம்பரா, நாங்க இருக்குற லயத்து வீட்டு வரிசைக்குக் கீழ, வேல மலை லயத்துக்கு மேல, அந்த ஓட்டம் ஒங்களுக்கே தெரியும். பக்கத்து வீட்டுக் காம்பரா பெரியம்மா, சொந்தமெல்லாம் இல்ல, ஒரு நாளு வாசல் இஸ்தோப்புல நின்னுக்கிட்டு "நீ வேலைப் பெரட்டுக்குப் போ புள்ள, பிள்ளைய நான் கொண்டு விடுறேன்"னாங்க. அன்னையிலருந்து தெனமும் அவங்கதான்.

ஒரு நாளு சரியான மழை. 18 கிலோ கொழுந்து இல்லாட்டி அரைப் பேரு, அரை நாள் சம்பளம்தான், அதனால யாரும் எறங்கல. பத்து மணி இருக்கும், கீழ பாத்தா ஒரு கருப்புக் கொடை ஏறி வருது. பெரியம்மா. பிள்ளை போத்தல வாயிலயே வைக்கலயாம், அழுது அழுது தொண்ட கட்டிப்போச்சாம், ஆயம்மாகிட்ட கேட்டு வாங்கி சேலையில சுத்தித் தூக்கிட்டு வந்திருக்காங்க. நான் கூடைய எறக்கி, இடுப்புல கட்டுற படங்குச் சாக்க விரிச்சு தண்ணி ஓடுற கான் ஓரத்துல ஒக்காந்து பால் குடுத்தேன். அவன் குடிச்சு முடிக்கிற வரைக்கும் கொடைய எங்க ரெண்டு பேருக்கும் மேல புடிச்சிட்டு நின்னாங்க, அவங்க முதுகெல்லாம் நனையுது. கணுக்கால்ல அட்டை கடிச்சு ரத்தம் வடியுது, அதக் குனிஞ்சு எடுக்கல. குனிஞ்சா கொடை சாஞ்சிரும். நான் கங்காணி பாக்குறாரேன்னு அவசரமா கூடைய மாட்டிட்டு தேயிலை நெரையில நொழஞ்சிட்டேன், ஒரு வார்த்த நல்லதா சொன்னேனான்னு யோசிச்சா ஞாபகமே வர மாட்டேங்குது.

நோர்வூட் தம்பி
அக்கா கோவிச்சுக்காதீங்க, அந்தப் பெரியம்மா மழையில ஏறி வர வேண்டிய அவசியமே இல்ல. பிள்ளைக்கு 1 வயசு ஆகுற வரைக்கும் ஒரு நாளைக்கு 2 தடவ பால் குடுக்க நேரம் விடணும்னு சட்டத்துல இருக்கு, பிள்ளைக் காம்பரா இருக்குற எடம்னா தடவைக்கு அரை மணித்தியாலம், இல்லாத எடம்னா ஒரு மணித்தியாலம். இலங்கையில 1939ல வந்த மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம், பொறவு திருத்துனது. இத ஒரு பொம்பள தனியா போயி கேட்டா நடக்காது. என் தங்கச்சிக்காக நாங்க நாலு பேரு தொழிற்சங்கத் தலைவரையும் கூட்டிட்டு தோட்டத்து ஆபீசுக்குப் போனோம், அதுக்குப் பொறவுதான் விட்டாங்க. ஒங்க மலையில ஒரு ஆம்பளையும் வாயத் தொறக்கலயா?

ஹட்டன்காரன்
வாயத் தொறக்காத ஆம்பள நான்தான் தம்பி. மகள் பொறந்தப்ப 5 நாள் லீவு கெடச்சு வந்தேன். பிள்ளை பாக்க ஆளுக வந்துக்கிட்டே இருந்தாங்க. ஒரு நாளு ஏழு பேரு, எல்லாம் எங்க ஆளுக. நான் இஸ்தோப்புல ஒக்காந்து கதைச்சிட்டு இருக்கேன், தண்ணி குடிக்க உள்ள போனா என் வீட்டுக்காரி இவ அடுப்படியில ஒரு கை செவுத்துல ஊனிக்கிட்டு மறு கையில தேத்தண்ணி ஊத்துறா. தையல் போட்ட ஒடம்பு. கிளாஸ எண்ணிக்கிட்டு "இன்னும் ஒரு கிளாஸ் கொறையுது"ன்னா. அந்த நேரம் பாத்து எங்க அத்தை பிள்ளைய தூக்கிட்டு வந்து "பால் பத்தல போல, பவுடர் பால் குடு"ன்னாங்க. இவ என்னைப் பாத்தா. நான் ஒண்ணுமே சொல்லல, கிளாஸ தூக்கிட்டு வெளிய வந்துட்டேன். மகளுக்கு இப்ப 4 வயசு, அந்தப் பார்வை இன்னும் போகல.

மஸ்கெலியா அம்மாயி
தம்பி, ஒங்க அத்தைய மட்டும் குத்தம் சொல்லாதீங்க. பிள்ளை பாக்க வாரது நம்ம வழக்கம், யாரும் வரலேன்னா அதையும் குறையா சொல்லுவீங்க. என் மக வெளிநாடு போனப்ப பேரனுக்கு ஒன்றரை வயசு, ராவெல்லாம் கதவையே பாத்துக்கிட்டு கெடப்பான், எதுத்த காம்பரா பொண்ணு தான் பெத்த பிள்ளையோட சேத்து அவனையும் மடியில போட்டுத் தூங்க வைப்பா. வந்து எட்டிப் பாத்தவங்களாலதான் அவன் வளந்தான். வாங்க, ஆனா வர்ற மொறையில வாங்க. வெறுங்கையோட வராம அரிசியோ கருவாடோ ஒரு கட்டு வெறகோ கொண்டு வாங்க. தேத்தண்ணிய நீங்களே ஊத்திக் குடிச்சிட்டு கிளாஸ கழுவிட்டுப் போங்க. மலைத்தண்ணி விழுற பீலியில ரெண்டு வாளி தண்ணி புடிச்சு வைங்க, பிள்ளைத் துணிய அலசிப் போடுங்க. ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும், சீனித் தண்ணியும் வேணாம், பவுடர் பாலும் வேணாம், பெத்தவளுக்கு வயிறார சோறு போட்டா பால் வரும். கிளினிக்குல குடுக்குற திரிபோஷ சத்து மாவ வீட்டுல உள்ள எல்லாரும் உருண்டை புடிச்சுத் திங்காதீங்க, அது தாய்க்கும் பிள்ளைக்கும் குடுக்குறது. மூத்த பிள்ளைய ஸ்கூலுக்கு கூட்டிட்டுப் போங்க. ராவுல பிள்ளைக்கு மூச்சு இழுத்தா 1990 ஆம்புலன்சுக்கு அடிங்க, காசில்ல, ஆனா வண்டி லயத்து வரைக்கும் ஏறாது, அதனால ரெண்டு பயலுக டோர்ச் எடுத்துக்கிட்டு ரோட்டுக்கு எறங்கி நிக்கணும். அத யாரும் சொல்லிக் காத்திருக்கக் கூடாது.

பண்டாரவளை பிள்ளை
எல்லாரும் பிள்ளையைப் பத்தித்தான் கேட்டாங்க. பால் குடிக்குதா, நெறை கூடுச்சா, யாரு மாதிரி. மிட்வைப் மிஸ் ரெண்டாவது தடவ வீட்டுக்கு வந்தப்ப கார்ட்டுல எழுதிட்டு பேனாவ மூடி வச்சாங்க. "பிள்ளை நல்லாருக்கு. நீங்க தூங்குனீங்களா?"ன்னாங்க. நான் அழுதுட்டேன், நிறுத்தவே முடியல. பிள்ளைய தூக்கவே மனசு வரலன்னு அன்னைக்குத்தான் முதன்முதலா வாய்விட்டுச் சொன்னேன். அவங்க திட்டல, எங்க அண்ணியக் கூப்புட்டு உள்ள ஒக்கார வச்சு விசயத்தச் சொல்லி என்னைய கிளினிக் டாக்டர்கிட்ட காட்டச் சொன்னாங்க. அண்ணி அன்னைக்கு ராவுல இருந்து பத்து நாளு எங்க காம்பராவுலதான் படுத்தாங்க. அம்மாயி சொன்ன அரிசியும் வெறகும் எங்க வீட்டுல இருந்துச்சு அம்மா. தூங்குனியான்னு கேக்கத்தான் ஆளில்ல.

தலவாக்கலை அக்கா
தம்பி, சட்டம் அப்ப தெரியாது, இப்ப தெரிஞ்சதால எங்க தோட்டத்து டிவிசன்ல புதுசா பெத்த ரெண்டு பொண்ணுகளுக்கும் சொல்லிட்டேன். ஆனா பெரியம்மா வந்திருக்கக் கூடாதுன்னு மட்டும் சொல்லாதீங்க. சட்டம் தெரிஞ்சிருந்தாலும் அன்னைக்கு பிள்ளை அழுதா அவங்க ஏறித்தான் வந்திருப்பாங்க.

அவங்க இப்ப மகன் வீட்டோட வட்டகொடைப் பக்கம் இருக்காங்களாம், கண்ணு சரியா தெரியலயாம். ஞாயித்துக்கிழமை போறேன். மூத்தவனுக்கு இப்ப 6 வயசு, அவனையும் கூட்டிட்டுப் போறேன். வாசல்லயே பேரச் சொல்லிட்டுத்தான் உள்ள போகணும்.