இணக்க அடுக்கிலிருந்து கணக்கு உதவிகளையும் செக்சம் நிரல்களையும் நீக்கியபோது: அனுபவப் பகிர்வு

லினக்ஸ் இயக்கமுறைமையின் மையமான கர்னலின் மூல நிரலோடு சேராமல் தனியே பராமரிக்கப்படும் ஒரு சேமிப்பு மாட்யூலில் (கர்னலோடு இணைந்து ஓடும் கூடுதல் நிரலில்) நான் பணியாற்றுகிறேன். ஒரே நிரல் பல லினக்ஸ் பதிப்புகளிலும் கம்பைல் ஆக வேண்டும் என்பதால், பழைய கர்னலில் இல்லாத ஃபங்க்ஷன்களை நாங்களே எழுதி வைத்துக்கொள்ளும் இணக்க அடுக்கு ஒன்று எங்களிடம் உண்டு. அதில் சேர்ந்துபோயிருந்த வகுத்தல் உதவிகளை நீக்கும் வேலை என்னிடம் வந்தபோது, அரை நாளில் முடிந்துவிடும் என்று கணக்கிட்டேன்; இரண்டு வாரங்கள் ஆயின.

64 பிட் எண்ணை 64 பிட் எண்ணால் வகுப்பதற்கு, பிட்டுகளை ஒவ்வொன்றாக நகர்த்திக் கழித்துக்கொண்டே போகும் ஒரு லூப் அதில் இருந்தது. அது ஏன் வந்தது என்று தெரியாமல் அழிக்கக் கூடாது என எண்ணி, கமிட் வரலாற்றை, அதாவது நிரலில் செய்த மாற்றங்களின் பதிவை, பின்னோக்கிப் படித்தேன். 32 பிட் செயலிகளில் இத்தகைய வகுத்தலை வெறும் வகுத்தல் குறியால் எழுதினால், கம்பைலர் அதைத் தன் துணை நூலகத்திலுள்ள ஒரு ஃபங்க்ஷனுக்கான அழைப்பாக மாற்றிவிடும். கர்னலோடு அந்த நூலகம் இணைக்கப்படுவதில்லை என்பதால், அந்தப் பெயரைக் காணோம் என்ற பிழையோடு பில்ட் நின்றுவிடும். 2008இல் வெளியான 2.6.26 பதிப்பிலேயே வகுத்தலுக்கென்று தனி ஹெடர் (ஃபங்க்ஷன்களை அறிவிக்கும் கோப்பு) வந்துவிட்டது. ஆயினும் 32 பிட் செயலிகளில், வகுக்கும் எண் 32 பிட்டைத் தாண்டினால், அதிலிருந்த ஃபங்க்ஷன் தோராயமான விடையையே தந்துகொண்டிருந்தது. அதைத் துல்லியமாக்கும் திருத்தம் (பேட்ச்) 2010இல்தான் வந்தது. ஆகவே எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் அந்த லூப்பை எழுதியதற்கு முறையான காரணம் இருந்திருக்கிறது. அதை வீண் நிரல் என்று பேசியவர்களில் நானும் ஒருவன் என்பதால், கமிட் செய்தியில் அந்தக் காரணத்தை முழுமையாக எழுதிவிட்டே நீக்கினேன். நாங்கள் இப்போது ஆதரிக்கும் கர்னல்கள் அனைத்தும் அந்தத் திருத்தத்துக்குப் பிற்பட்டவை.

தவறு அதன் பிறகு நேர்ந்தது. வகுக்கும் எண் 32 பிட்டுக்குள் அடங்கும் இடங்களில் கர்னலின் டூ_டிவ் மேக்ரோ போதும் என்று பெயரை மட்டும் மாற்றினேன். எங்கள் பழைய உதவி ஈவைத் திருப்பித் தருவது. டூ_டிவ் அப்படிப்பட்டதன்று; ஈவை முதல் மாறியிலேயே எழுதிவிட்டு, மீதியைத் திருப்பித் தரும். ஆஃப்செட் (தொடக்கத்திலிருந்து எத்தனை பைட் தள்ளி என்பது) 10000 என்றும் பிளாக் அளவு 4096 என்றும் வைத்துக்கொண்டால், பிளாக் எண்ணாக 2 வர வேண்டிய இடத்தில் 1808 வந்தது. ஆஃப்செட் என்ற மாறியோ 10000இலிருந்து 2 ஆகிவிட்டது, ஆகவே அடுத்த வரியில் இருந்த எல்லைச் சோதனையும் பொருளற்றுப் போனது. மாறியின் வகை சரியாக இருந்ததால் கம்பைலர் எந்த எச்சரிக்கையும் தரவில்லை. எங்கள் தானியங்கிச் சோதனைகள் அந்தப் பாதையை ஆஃப்செட் 0இல் மட்டுமே தொட்டன. 0ஐ எதனால் வகுத்தாலும் ஈவும் 0, மீதியும் 0 என்பதால் சோதனைகள் அனைத்தும் தேறின.

பேட்சைப் படித்துப் பார்த்த சக பராமரிப்பாளர் ஒருவர் இதைக் கண்டுபிடித்தார். இப்போது அந்த இடங்களிலெல்லாம், முதல் மாறியைத் தொடாமல் ஈவை மட்டும் தரும் டிவ்_யூ64 இருக்கிறது.

*

வகுத்தல் பற்றி எழுதிய நண்பருக்கு நன்றி. எனக்கு நேர்ந்தது செக்சம் பக்கத்தில், அதாவது தரவு சிதையவில்லை என்று சரிபார்ப்பதற்கான எண்ணைக் கணிக்கும் பகுதியில். எங்கள் அடுக்கில் சிஆர்சி32 என்ற செக்சமைக் கணிப்பதற்காக 256 எண்கள் கொண்ட ஓர் அட்டவணையும், தரவைப் பைட் பைட்டாக எடுத்து அதில் தேடும் சில வரிகளும் இருந்தன. கர்னலில் இதே வேலைக்கான ஃபங்க்ஷன் நெடுங்காலமாக இருக்கிறது, 6.14 பதிப்பிலிருந்து அந்த நூலக ஃபங்க்ஷனே செயலிக்கேற்ற வேகமான வடிவத்தை நேரடியாகப் பயன்படுத்துகிறது. அப்படியிருக்க, மெதுவாக நகரும் ஒரு பிரதியை நாம் சுமப்பதில் நியாயமில்லை என்பதில் எனக்கு ஐயமே இருக்கவில்லை.

நீக்குவதற்கு முன், 1 முதல் 9 வரையிலான இலக்கங்களை ஒன்பது எழுத்துகளாக இரண்டு ஃபங்க்ஷன்களுக்கும் கொடுத்துப் பார்த்தேன். சிஆர்சியைச் சரிபார்க்க வழக்கமாகப் பயன்படும் சரம் அது. எங்கள் பிரதி 3421780262 என்றது. எல்லாப் பிட்டுகளும் 1 ஆக உள்ள தொடக்க மதிப்போடு அழைத்தபோது கர்னல் 873187033 என்றது. சற்று நேரம் திகைத்துவிட்டு இரண்டையும் கூட்டினேன், 4294967295 வந்தது. 32 பிட்டுகளும் 1 ஆக உள்ள எண் அது. எங்கள் பிரதி, கணக்கை முடித்த பின் எல்லாப் பிட்டுகளையும் புரட்டிப் போடுகிறது. கர்னல் அதை அழைப்பவரின் பொறுப்பாக விட்டுவிடுகிறது. கணக்கு ஒன்றே, வழக்கம்தான் வேறு. முன்னும் பின்னும் புரட்டும் ஒரு வரி உறை ஃபங்க்ஷனை மட்டும் எங்கள் பக்கம் வைத்துக்கொண்டு அட்டவணையை நீக்கினேன்.

வலைப்பின்னல் பகுதியில் கிட்டத்தட்ட அதே பெயரில் இன்னொரு உதவி இருந்தது. அதே சரத்துக்கு அது தந்த விடை 3808858755. அது காஸ்டக்னோலி என்ற வேறொரு பல்லுறுப்புக் கோவையைப் பயன்படுத்தும் சிஆர்சி32சி. இன்டெல் செயலிகளின் எஸ்எஸ்இ 4.2 கட்டளைத் தொகுப்பில் உள்ள சிஆர்சி கட்டளை கணிப்பதும் இதைத்தான், முந்தையதை அன்று. பெயரை நம்பி இரண்டையும் ஒரே ஃபங்க்ஷனுக்குத் திருப்பியிருந்தால், புதிய மாட்யூலும் பழைய மாட்யூலும் ஒன்றின் செய்திகளை மற்றொன்று கெட்டவை என்று தள்ளியிருக்கும். வட்டுப் பகுதியில் இதே தவறு நடந்திருந்தால் விளைவு இன்னும் கொடியது: தரவு நலமாக இருக்கும்போதே ஒவ்வொரு பிளாக்கும் சிதைந்துவிட்டதாகச் செய்தி வரும், அதைப் பார்த்துப் பயந்தவர் பழுதுபார்க்கும் கருவியை ஓட்டுவார், உண்மையான சேதம் அங்கேதான் தொடங்கும்.

அட்லர்32 என்ற மற்றொரு செக்சமை மட்டும் நான் நீக்கவில்லை. கர்னலில் ஸீலிப் சுருக்க நிரலுக்கான ஹெடரில் ஒன்று இருக்கிறது; ஆனால் அது அந்த நூலகத்தின் உள்வேலைக்காக வைத்திருப்பது, நாளை இடம் மாறினால் நாம் முறையிட முடியாது. 65521 என்ற பகா எண்ணால் மீதி எடுக்கும் பத்துப் பன்னிரண்டு வரிகளை வைத்துக்கொள்வது எனக்குச் சுமையாகப் படவில்லை.

*

மேலே உள்ள இரண்டு பகிர்வுகளோடு என்னுடையதையும் சேர்க்கிறேன். எங்கள் அடுக்கில், ஓர் எண்ணை மற்றோர் எண்ணின் மடங்காக மேல்நோக்கி முழுமையாக்கும் மேக்ரோ ஒன்று இருந்தது. கர்னலில் இதற்கு இரண்டு மேக்ரோக்கள் உண்டு; பெயரில் ஓர் அடிக்கோடுதான் வேறுபாடு. அடிக்கோடு உள்ள ரவுண்ட்_அப், இரண்டாவது எண் இரண்டின் அடுக்காக இருந்தால் மட்டுமே சரியான விடை தரும். 10ஐ 6இன் மடங்காக உயர்த்தச் சொன்னால் 12க்குப் பதிலாக 14 என்கிறது. ஆறு வட்டுகள் கொண்ட ஒரு சோதனை அமைப்பில் இதைப் பிடித்தேன். நான்கு வட்டுகளிலும் எட்டு வட்டுகளிலும் அது ஒருநாளும் வெளிப்பட்டிருக்காது.

மற்றொன்று ஹாஷ் உதவி, அதாவது ஒரு மதிப்பைத் தேடுவதற்கு எளிதான சிறு எண்ணாக மாற்றும் ஃபங்க்ஷன். பார்வைக்கு அது கர்னலின் ஹாஷ் ஃபங்க்ஷனின் அச்சு அசலான பிரதி, ஆகவே நீக்கத் தக்கது என்றே எல்லோரும் சொன்னார்கள். ஆனால் 2016இல், 4.7 பதிப்பில், கர்னல் தன் பெருக்கெண்ணை (அந்தக் கணக்கில் பெருக்குவதற்கான நிலையான எண்ணை) மாற்றிக்கொண்டது. எங்கள் பிரதியில் பழைய எண்ணே இருக்கிறது. ஹாஷ் மதிப்பு நினைவகத்தில் மட்டும் வாழ்ந்தால் இதனால் ஒரு கேடும் இல்லை. எங்கள் நிரலிலோ அது அடைவுக் குறியீட்டின் பகுதியாக வட்டில் எழுதப்படுகிறது. கர்னலின் ஃபங்க்ஷனுக்கு மாறியிருந்தால், ஏற்கெனவே எழுதப்பட்ட கோப்புகளைப் பெயரால் தேடும்போது அவை கிடைத்திருக்கமாட்டா. அந்தப் பிரதியை இணக்க அடுக்கிலிருந்து எடுத்து, வட்டு வடிவத்தை வரையறுக்கும் கோப்பில் வைத்துப் பெயரையும் மாற்றினேன். பெருக்கெண்ணை ஏன் தொடக் கூடாது என்று அதன் மேலேயே எழுதியிருக்கிறேன்.